மானியன் எஸ்., இரண்டு இருக்கை

1

இந்தக் கதை மூன்று விநாடி மௌனத்திலிருந்து பிறந்தது. மௌனம் என்னுடையது. ஒரு பெயர்ப்பட்டியலை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழாவது பெயரில் நின்றேன். பிறகு இருபத்தெட்டாவது பெயருக்குப் போய்விட்டேன். கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் மார்ச் மாதத்திலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

கதை எழுதிப் பழக்கமில்லாதவள் நான். கடிதம் எழுதுவேன். இடம், தேதி, பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதத் தெரியும். கதைக்கு எது முதல் வரி என்று தெரியாமல் எழுதிப் பார்த்ததெல்லாம் இவை. அடித்ததையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

"கடல் அன்று காலை —"

(நிறுத்தினேன். அந்தக் கடலை அன்று காலை நான் பார்க்கவில்லை. அப்போது எனக்கு ஆறு வயது. வேறொரு தேசத்தில் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது.)

"ஜப்பானின் கோபே நகரில் ஐரிஷ் திரைப்பட, இசை விழா சிறப்பாக —"

(இது அறிக்கை. ஏற்கெனவே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியாகிவிட்டது. அதிலுள்ள ஒவ்வொரு வரியும் உண்மை. நடந்தது மட்டும் அதில் இல்லை.)

"நாப்லா பயந்தாள்."

(இது சரியான வரி. பயந்தது அவள் மட்டுமில்லை என்பதால் இதையும் அடித்தேன்.)

2

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கல்லும் ஈரமும் மிகுந்த ஒரு ஊரில் இருபத்தொரு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். மாற்றிய பிறகும் பயம் குறையவில்லை.

பெயர் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் குடும்பப்பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. ஒருத்தியின் பெயர், அவள் அப்பாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், இப்படி மூன்றையும் கோத்துக் கூப்பிடுவார்கள். நாப்லாவின் முழுப் பெயர் நாப்லா-பெஸ்டி-டாம். டாமின் மகன் பெஸ்டி, பெஸ்டியின் மகள் நாப்லா. குடும்பப்பெயர் என்பது வரி கட்டவும் மருந்துச் சீட்டு எழுதவும்தான். ஆகவே ஊரில் ஒவ்வொருவருக்கும் இருக்கிற அந்த இரண்டாவது பெயர், காகிதப் பெயர், முழுக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். மருந்துக்கடைக்காரி.

நாப்லாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. இசைக்கருவி எதுவும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் பாதி திரும்பி நின்று பாடுவாள். அவள் பாடுகிற ஒரு பாட்டுதான் இந்தக் கதை.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரு காலை, மூன்று பேர் துடுப்புப் போட வேண்டிய தார் பூசிய துணிப் படகில் இரண்டு பேர் கடலுக்குப் போனார்கள். ஒருவர் நாப்லாவின் அப்பா பெஸ்டி. மற்றவன் பார்ட்லி. செம்பட்டைத் தலை பாட், அதாவது பாட் ரூவா என்பவரின் மூத்த மகன். இரண்டு பேரும் திரும்பவில்லை. மூன்றாவது துடுப்புக்குரியவன் பாட் ரூவாவின் இளைய மகன் ஸ்டிஃபான். பத்தொன்பது வயது. முந்தின நாள் கூத்தும் ஆட்டமும் முடிந்து தாமதமாக வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மூன்று பேர் இருந்திருந்தால் முனையைச் சுற்றி வந்திருப்பார்கள் என்று கடல் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்டிஃபான் ஊரை விட்டுப் போனான். கப்பலில் சேர்ந்தான் என்றார்கள், ஆஸ்திரேலியா என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நாப்லாவின் அம்மா பாட்டுக் கட்டினாள். ஆறு செய்யுள். ஐந்தாவது இது:

மூன்றாவது துடுப்பு உலர்ந்து கிடக்கிறது.
அதற்குரியவன் போர்வைக்குள் கதகதப்பாய்க் கிடக்கிறான்.
பாட் ரூவாவின் மகன் ஸ்டிஃபானே,
உன்னைத் தேடி வந்த கடல் எங்கள் வாசலில் நிற்கிறது.

(மேலே உள்ள நான்கு வரிகளை எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன். இனி எடுக்க முடியாது. நீங்கள் படித்துவிட்டீர்கள்.)

எங்கள் கரையில் மூழ்கினவர்களைப் பற்றிய பாட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பாடுவதற்கு முன், "வீட்டுல அவங்க ஆளு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுக்கொள்வார்கள். பாடுகிறவரைத் தவிர ஒருவர் இருந்தாலும் பாடக்கூடாது. பாட் ரூவா உயிரோடு இருந்தவரை ஊரில் எந்தக் கூரைக்கடியிலும் அந்தப் பாட்டு எழவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவர் செத்துப்போனார்.

3

டாஹி எங்கள் ஊர்ப் பையன்; முப்பத்திரண்டு வயது; படம் எடுக்கிறவன். அந்தக் கரையைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுத்தான். கடைசி ஒன்பது நிமிடம் படத்தில் ஒலியே கிடையாது. வெறும் கடல், பாறை, கடல். அந்த ஒன்பது நிமிடமும் நாப்லா திரையோரம் நின்று நேரில் பாட வேண்டும். கீழே பாட்டின் பொருள் எழுத்தாக வரும். இதுதான் அவன் ஏற்பாடு.

"ஆறையும் பாடணும் நாப்லா. ஒண்ணை உருவினா படம் நொண்டும்."

"அஞ்சாவதை எந்த ஊர்ல நின்னு பாடச் சொல்றே? டப்ளின்ல நம்ம ஆளுங்க இருக்காங்க. பாஸ்டன்ல நம்ம ஊரைவிட அதிகமா இருக்காங்க."

"ஜப்பான்ல?"

நாப்லா சிரித்தாள். "ஜப்பான்ல யாருடா இருக்கா."

அந்த உரையாடல் நடந்தது என் கடையில், இருமல் மருந்து அலமாரிக்கு முன்னால். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல என்னிடம் என்ன இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மர்மக்கதை எழுத எனக்குத் தெரியாது. சாவதற்கு முந்தின இரண்டு மூன்று வருஷம் பாட் ரூவா என் கடைக்கு ஒரு பெட்டி கொண்டுவருவார். உள்ளே மூட்டுவலிக்கு ஒட்டுகிற பட்டைகள். மேலே முழுக்க ஜப்பான் எழுத்து. எங்கே ஒட்டுவது, எத்தனை மணி நேரம் என்று படத்தைப் பார்த்து நான் சொல்வேன். முதல் தடவை, "எங்கேயிருந்து வந்துது பாட்?" என்று கேட்டேன்.

"பையன் அனுப்புறான்" என்றார். அப்புறம் பெட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "மருந்துக்கடையில பேசினது மருந்துக்கடையோட இருக்கும்ல?" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

இருந்தது. அவர் செத்த பிறகும் இருந்தது. ஜப்பான் பெரிய தேசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் குழுவின் செயலாளராகப் பதினான்கு மாதம் கோபேக்குக் கடிதம் எழுதினேன். விழாக்குழுவுக்கு, அரங்கத்துக்கு, மொழிபெயர்த்தவருக்கு. பாட்டின் இருபத்துநான்கு வரிகளுக்கும் எண் போட்டு அனுப்பியவளும் நான்தான். ஐந்தாவது செய்யுளுக்கு எண் பதினேழு முதல் இருபது வரை.

4

பட்டியல்.

விழாவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. காட்சி மதியம் இரண்டு மணிக்கு. தொண்ணூறு இருக்கை உள்ள சின்ன அரங்கம், ரயில் பாலத்துக்கு அடியில். வெளிக்கூடத்தில் ஜப்பான்காரர்கள் பத்துப் பேர் பிடிலும் குழலும் வைத்துக்கொண்டு எங்கள் நாட்டு மெட்டுகளை வாசித்தார்கள். அதில் குழல் வாசித்த பல் டாக்டர் ஒருவர் நாப்லாவிடம் வந்து, ஒரு மெட்டின் இரண்டாம் பாதி உங்கள் ஊரில் வேறுமாதிரி இறங்கும் அல்லவா என்று கேட்டார்.

"இவருக்கு என் ஊரைப் பத்தி என்னைவிட நல்லாத் தெரியுது" என்றாள் நாப்லா என்னிடம். "என் பல்லைப் பத்தியும் தெரிஞ்சிருக்கும். வாயைத் திறக்கவே பயமா இருக்கு."

சிரித்தாள்.

மேடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்ததும், "வாசி" என்றாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் அவளால் பாட முடியாது. முன்பதிவு செய்தவர்களில் ஜப்பான் பெயர் அல்லாதவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். இருபத்தெட்டுப் பெயர். வாசித்தேன்.

இருபத்தேழாவது: மானியன் எஸ்., இரண்டு இருக்கை.

பாட் ரூவாவின் மருந்துச் சீட்டில் இருந்த பெயர் பாட்ரிக் மானியன்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் எனக்கு நினைவே வரவில்லை. ஒன்றில் நினைவு வந்து, நாட்டில் ஆயிரம் மானியன்கள் என்று நியாயமாகவே விட்டுவிடுகிறேன். இரண்டையும் அடித்துவிட்டேன். நினைவு வந்தது. பட்டைகளின் கற்பூர வாசனையோடு வந்தது. மூன்று விநாடி நின்றேன்.

"என்ன?" என்றாள் நாப்லா.

"ஒண்ணுமில்ல. எழுத்து சரியாத் தெரியல. மானியன்."

"எந்த மானியன்? யாரோட மகன்?"

"அதெல்லாம் போடல."

"அப்ப நம்ம ஆளு இல்ல. நம்ம ஆளா இருந்தா அப்பன் பேரு இல்லாம எழுதுவானா? மேல படி."

இருபத்தெட்டாவது பெயரைப் படித்தேன்.

ஏன் சொல்லவில்லை? மருந்துக்கடை ரகசியம் என்று எழுதலாம், மரியாதையாக இருக்கும். உண்மை அதைவிடச் சின்னது. பதினான்கு மாதக் கடிதங்கள். அந்த அரங்கம், அந்தத் தொண்ணூறு பேர், வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டி, எல்லாம் என் கையெழுத்தில் நடந்தவை. அது நடந்தே தீர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

5

படம் தொடங்கியது. நான் பக்கவாட்டுக் கதவோரம் நின்றேன். திரைக்குப் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நாப்லா நாற்காலியில் இருந்தாள்.

ஜப்பான் அரங்கத்தின் அமைதி பற்றி அவள் முன்பே கவலைப்பட்டிருந்தாள். எங்கள் ஊரில் பாட்டுக்கு நடுவே, "அப்படிச் சொல்லு கண்ணு", "உனக்கு நூறு வயசு" என்று யாராவது குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே தொண்ணூறு பேர் மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இருபதாவது நிமிடத்தில் படத்தில் ஒரு கிழவர் தன் கழுதையைப் பற்றி ஐரிஷில் ஏதோ சொல்வார். அது எங்கள் ஊருக்கு மட்டும் புரிகிற வேடிக்கை. டாஹி கீழே எழுத்தை வேண்டுமென்றே இரண்டு விநாடி தாமதமாகப் போட்டிருந்தான்.

எழுத்து வருவதற்கு முன்னால் ஒருவர் சிரித்தார்.

ஐந்தாவது வரிசை. ஒரே ஒரு ஆள். எழுத்து வந்தது, படித்துவிட்டு மற்றவர்கள் மெல்லச் சிரித்தார்கள்.

திரைச்சீலை அசைந்தது. நாப்லா கையால் கூப்பிட்டாள்.

6

திரைக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான வழி. தீயணைப்பு வாளிகள். அங்கே நின்று கிசுகிசுவென்று பேசினோம். (அந்தப் பேச்சை நினைவிலிருந்து எழுதுகிறேன். ஒரு சொல்கூட மறக்கவில்லை. மறந்திருந்தால் கதை நன்றாக வந்திருக்கும்.)

"கேட்டியா?"

"எதை?"

"அது பாட் ரூவா சிரிப்பு. முதல்ல மூக்கால ஒரு சத்தம், அப்புறம்தான் வாய்."

"பாட் ரூவா செத்து ஆறு வருஷம் ஆச்சு நாப்லா."

"செத்தவன் டிக்கெட் வாங்கமாட்டான்னு எனக்கும் தெரியும் மங்கா. அந்தப் பட்டியல்ல நீ ஒரு இடத்துல நின்னே."

நான் கையிலிருந்த பட்டியலை மடித்தேன்.

"எழுத்து தெரியலன்னு சொன்னே. இருபத்தொரு வருஷமா எங்க டாக்டருங்க கிறுக்குறதையெல்லாம் படிச்சு மருந்து குடுக்குறவ நீ. எழுத்து தெரியலன்னு ஒரு தடவைகூட நீ சொல்லி நான் கேட்டதில்ல."

சொன்னேன். மானியன், பட்டைகள், பெட்டி, எல்லாவற்றையும். அவள் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டாஹி வந்தான். "என்ன ரெண்டு பேரும், எழவு வீட்டு வாசல்ல நிக்குற மாதிரி?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் வெளுத்தது. ஆனால் இளைஞன், சீக்கிரம் சமாளித்தான். "பாடுறது நம்ம பாஷைல. அந்த ஆளைத் தவிர யாருக்குப் புரியப்போகுது?"

"கீழ ஜப்பான் எழுத்துல பேரோட வரும்" என்றேன். "பக்கத்துல இருக்குறது அவர் சம்சாரம். ஜப்பான்காரம்மா."

"சொல்லியிருப்பாரு. இத்தனை வருஷத்துல பொண்டாட்டிகிட்ட சொல்லாமலா இருப்பாரு?"

"நீ காலேஜை விட்டதை உங்கம்மாகிட்ட எப்படா சொன்னே?" என்றாள் நாப்லா. "ரெண்டு வருஷம் கழிச்சுத் தபால்காரன் சொல்லித்தானே அவளுக்குத் தெரியும்?"



"பாடாம விட்டுடலாம்" என்றேன். "உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்."

"நான் பாடலன்னாலும் அந்தச் சுவர் பாடுமே. எழுத்து வருமே. குரல் இல்லாம வெறும் கடல் மேல அவன் பேரு மட்டும் வரும். அது இன்னும் மோசம்." "எனக்கு அவன்மேல இரக்கம்னு நினைக்காதே. எங்கப்பாவுக்கு எங்கம்மா கட்டினது. ஒரு அடியைப் பிடுங்கினா மிச்சம் நிக்காதுன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தா. ஆனா வீட்டுல ஆளு இருக்கான். நான் என்ன செய்ய?"

பாட்டுக்கு இருபத்தொன்பது நிமிடம் மீதி இருந்தது.

7

படம் ஓட்டுகிற அறைக்கு ஒரு இரும்பு ஏணிப்படி. அங்கே ஹிசானோ-சான் என்ற அம்மாள், அறுபது வயதிருக்கும், விரல் இல்லாத கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜப்பான் மொழி எனக்குக் கொஞ்சம்தான் வரும்; பதினான்கு மாதத்தில் கற்றது. சொன்னேன்.

"கீழே வருகிற எழுத்தை ஒரு இடத்தில் மறைக்க முடியுமா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "எதிலிருந்து எது வரைக்கும்?" என்றார்.

"பதினேழிலிருந்து இருபது வரைக்கும்."

"மெஷின் கண்ணாடிக்கு முன்னால அட்டையைப் பிடிச்சா எழுத்தோட கால்வாசிப் படமும் போயிடும்."

"போகட்டும்."

"குழுவுல என்னைத் திட்டுவாங்க."

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்க."

"முப்பத்தெட்டு வருஷத்துல என் மெஷின்ல கோளாறு வந்ததில்ல" என்றார். தேநீரை முடித்தார். மேசைக்கடியிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்துத் தூசி தட்டினார். "இன்னைக்கு வரும்."

ஒலியில்லாத பகுதி தொடங்கியது. கடல். அறையின் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. அரங்கில் நேரில் எழும் குரல் மேலே வராது.* கீழே நாப்லா கட்டைவிரல் அளவில் தெரிந்தாள். டாஹி அவள் கையைப் பிடித்திருந்தான். பாடுகிறவரின் கையை ஒருவர் பிடித்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எழுத்துகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறு.

"இப்ப" என்றேன்.

அட்டை மெஷின் கண்ணாடிக்கு முன்னால் போனது. கடலின் அடிப்பாகம் இல்லாமல் போயிற்று. கறுப்புப் பாறை ஒன்று வெறும் இருட்டின்மேல் நின்றது. ஹிசானோ-சானின் கை துளியும் ஆடவில்லை. நாப்லாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வரிசையில் இரண்டு தலைகளைத் தேடிப் பிடித்தேன்.

அவர் தலை குனிந்தது.

(இல்லை. அப்படி எழுதியது வசதிக்காக. அவர் தலை அசையவே இல்லை. அசைந்தது பக்கத்துத் தலை. இருட்டிய அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி மெதுவாகத் திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தார். அட்டை விலகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.)

நான் இறங்கி வருவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். கைதட்டல் ஓயவில்லை. பல் டாக்டர் அழுதுகொண்டிருந்தார். அன்று மாலை சாமான் கட்டும்போது நாப்லாவிடம் கேட்டேன்.

"அஞ்சாவதைப் பாடினியா?"

"நீ மறைச்சியா?"

"மறைச்சேன்."

"அப்ப உன் வேலை முடிஞ்சுது" என்றாள்.

டாஹியிடம் கேட்டேன். அவன் கை வலிக்கிறது என்றான். விரல் நுனிகள் கன்றிப் போயிருந்தன.

* ஆகவே அந்த ஒன்றரை நிமிடம் அவள் என்ன பாடினாள் என்பது இந்தக் கதையை எழுதுகிறவளுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் இரண்டு பக்கம் எழுதினேன். அவை அடுப்புக்குப் போயின.

8

இந்த இடத்தில் கதையை முடிக்கப் பார்த்தேன்.

முதல் முடிவு: ஐந்தாம் வரிசையிலிருந்து அவர் எழுந்து வருகிறார். டாஹியிடமிருந்து நாப்லாவின் கையை வாங்கிக்கொள்கிறார். ஆறாவது செய்யுளை இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிறார்கள். இருநூறு வார்த்தை எழுதினேன். படிக்க மிக நன்றாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

இரண்டாவது முடிவு: அவர் ஸ்டிஃபானே இல்லை. ஏதோ வங்கியில் வேலை பார்க்கிற டப்ளின்காரர். பள்ளியில் ஐரிஷ் படித்தவர். சிரிப்பு யாருக்கும் வரும் சிரிப்பு. நாங்கள் பயந்தது வீண். இந்த முடிவுக்குள் நான் ஏப்ரல் முழுவதும், மே பாதி வரை குடியிருந்தேன். வசதியான வீடு. கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தேன்.

இதையெல்லாம் ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்கலாம். எங்கள் ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கோபேயிலும் பாட் ரூவா வீட்டாருக்குத் தெரியாது. உலகத்திலேயே அந்த ஐந்தாவது செய்யுளை எழுதிவைக்கப் பத்திரமான இடம் இதுதான் என்று நினைத்தேன்.

இந்த வரியை எழுதி முடித்த பிறகுதான், இதே யோசனையை என் கடையில், இருமல் மருந்து அலமாரிக்கு முன்னால் நின்று இரண்டு பேர் பேசியது ஞாபகம் வந்தது. உங்களில் யாருடைய ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் பட்டியல் இல்லை.

9

மே பதினெட்டாம் தேதி ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோடு போட்ட தாளில். பெயர்த்து எழுதுகிறேன்.

"மரியாதைக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

விழாப் புத்தகத்தில் உங்கள் முகவரி இருந்தது. படத்தின் கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் எழுத்து மறைந்துவிட்டது. இயந்திரக் கோளாறு என்று என் கணவர் சொன்னார். அப்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அடையாளம் பத்து நாள் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

பாட்டில் என்ன வந்தது என்று கேட்டேன். மறந்துவிட்டது என்றார். சென்ற வாரம் திடீரென்று இரண்டு டிக்கெட் வாங்கிவந்தார். ஜூன் பதினாறாம் தேதி உங்கள் ஊருக்கு வருகிறோம். அவர் பிறந்த ஊரை நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் அவர் தினமும் காலை நான்கு மணிக்கு எழுந்து, உடுத்திக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், தாமதமாகிவிடக் கூடாது என்கிறார்.

அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் அந்த ஊரில் இறங்கப் பயப்படுகிறேன். மறைந்துபோன இடத்தில் என்ன எழுதியிருந்தது? தயவுசெய்து எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

சுமியே மானியன்."

கடிதத்தை நாப்லாவிடம் காட்டினேன். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கொடுத்தாள்.

"வரட்டும்" என்றாள்.

அந்த ஒரு சொல்லை அவள் எந்தக் குரலில் சொன்னாள் என்று எழுத நான் பல நாளாக முயல்கிறேன். அன்பாக என்று எழுதினேன், அடித்தேன். கோபமாக என்று எழுதினேன்; அதுவும் இல்லை. அவள் மறுபடி கத்தியை எடுத்தாள், உரித்தாள். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

10

பதில்கள்:

"அன்புள்ள சுமியே அம்மா, அது இயந்திரக் கோளாறுதான். அந்த இடத்தில் இருந்தது கடலைப் பற்றிய சாதாரண —"

"அன்புள்ள சுமியே அம்மா, அதை உங்கள் கணவரே உங்களுக்குச் —"

(கேட்டுப் பார்த்துவிட்டுத்தானே எனக்கு எழுதியிருக்கிறார்.)

"அன்புள்ள சுமியே அம்மா, நீங்கள் வர வேண்டாம். இங்கே ஜூனில் மழை —"

"அன்புள்ள சுமியே அம்மா, பதினேழு: மூன்றாவது துடுப்பு —"

இன்று ஜூன் ஐந்து. கோபேக்குத் தபால் போய்ச் சேர எட்டு நாள் ஆகும். இன்று போகாவிட்டால் சுமியே தெரியாமலே வந்து இறங்குவார். ஊரில் அந்தப் பாட்டின் ஐந்தாவது செய்யுள் தெரியாதவர்கள் தொட்டில் குழந்தைகள் மட்டும்தான். சாராயக்கடையில் யாராவது ஒருவர் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு அவர் கணவரைத் தகப்பன் பெயரோடு கூப்பிட்டால் போதும். தெரிந்துகொண்டு வந்தால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை சுமியே வராமலே இருந்துவிடலாம். விடியற்காலை நான்கு மணிக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள் தனியாக விமானம் ஏறுவார். அல்லது ஏறாமல் வேறெங்காவது நடந்துவிடுவார். அதை யோசிக்கும்போதுதான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஆகவே இரண்டு பதிலையும் முழுதாக எழுதி முடித்தேன். ஒன்றில் நான்கு வரி, ஜப்பான் எழுத்தில், எண்களோடு. இன்னொன்றில் இயந்திரக் கோளாறு. இரண்டையும் இரண்டு உறையில் போட்டு ஒட்டினேன். இரண்டிலும் ஒரே முகவரி, ஒரே தபால் தலை. கல்லாவின்மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. மேலே இருப்பது எது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

தபால் வண்டி வாசலில் நிற்கிறது. ஓட்டுகிற மேத்யா இறங்கி வந்து கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கோட்டு நனைந்திருக்கிறது.

"என்ன மங்கா, ஊர்க்கதையெல்லாம் எழுதுறியாமே. கடுதாசி இருக்கா, இல்ல நான் கிளம்பட்டா?"

"ஒண்ணு இருக்கு" என்கிறேன்.

"ரெண்டு கிடக்குதே."

"ஒண்ணுதான்."

அவர் கையை நீட்டுகிறார். இதுவரை படித்துவிட்டீர்கள், நாப்லா, ஸ்டிஃபான், சுமியே மூன்று பேருக்கும் நடந்தது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். ஒன்றை எடுத்து அவரிடம் கொடுங்கள். அதுவரை நான் அந்தப் பக்கம் திரும்பி நிற்கிறேன்.